முனியாண்டிக்குப் பின்னால் இருந்த ஜன்னல்

ஹட்டன் ஸ்டேஷனுக்கு வெளியே வேன் நிறுத்தியிருப்பவனிடம் வந்து, இந்தப் பக்கம் பழைய விமானங்களை எங்கே பார்க்கலாம் என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? சிவனொளிபாத மலைக்குப் போகலாம், நீர்வீழ்ச்சிக்குப் போகலாம், தேயிலைத் தொழிற்சாலையில் ஏறி இறங்கி ஓசித் தேநீர் குடிக்கலாம். விமானம் பார்க்க மலைக்கு எதற்கு ஏறி வர வேண்டும்? கொழும்பை ஒட்டிய இரத்மலானைப் பக்கம் போனால் இறக்கை, வால் எல்லாம் முழுசாகப் பெயின்ட் அடித்து வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு நின்று படம் எடுத்துக்கொண்டு வரலாம். அப்படி வந்து கேட்ட அந்த அம்மாவிடம் நானும் இப்படித்தான் சொன்னேன். கொஞ்சம் எரிச்சலாகவே சொன்னேன். காலையிலிருந்து மழை, ஒரு சவாரியும் அமையவில்லை.

"அங்கே போய்விட்டுத்தான் வருகிறேன். அங்கே இருப்பது என் விமானம் இல்லை" என்றார் அவர்.

ஐம்பதைத் தாண்டிய வயது. சாம்பல் நிற முக்காடு, தோளில் ஒரு பை, கூட யாரும் இல்லை. இந்தோனேசியாவிலிருந்து வந்திருக்கிறார், அங்கே பள்ளிக்கூட ஆசிரியை. என் ஆங்கிலம் சுற்றுலாப் பயணிகளிடம் பொறுக்கியது. அவருடையதும் தட்டுத் தடுமாறித்தான் வந்தது. அதனால் எங்களுக்குள் ஒரு வசதி, இரண்டு பேரும் மெதுவாகப் பேசினோம்.

அவருடைய விமானம் எது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரிந்த கதை. எழுபதுகளில் ஓர் இரவு, ஹஜ்ஜுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு இந்தோனேசியாவிலிருந்து வந்த விமானம் ஏழு கன்னியர் மலையில் மோதியது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. இந்த அம்மாவின் தாய் அதில் இருந்தவர். மகளுக்கு அப்போது தாயின் முகம் நினைவில் நிற்கிற வயதுகூட இல்லை. மறுநாள் இரவு அவருக்குத் திரும்பும் விமானம். அதற்குள், தன் அம்மா கடைசியாக இருந்த அந்த விமானத்தின் ஏதாவது ஒன்றைக் கையால் தொட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

பக்கத்து ஊரான நோட்டனில் அந்த விமானத்தின் சக்கரம் ஒன்றை நினைவாக வைத்திருக்கிறார்கள். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் அதன்மேல் கையை வைத்தார், கொஞ்ச நேரம் நின்றார், கையை எடுத்துக்கொண்டார்.

"சக்கரம் வெளியே இருப்பது. என் அம்மா உள்ளே இருந்தார். உள்ளே இருந்த ஒன்றும் எங்கேயும் வைக்கவில்லையா?" என்று கேட்டார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் ஒரு ஜன்னல் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

இருந்தது உண்மைதான். நான் பிறந்த தோட்டத்தில், மலை உச்சியை ஒட்டிய தேயிலைக்குள் ஒரு முனியாண்டி உண்டு. கூரை இல்லை, கோபுரம் இல்லை, ஒரு கல், அவ்வளவுதான். அந்தக் கல்லுக்குப் பின்னால் திருவாசியாக நின்றது விமானத்தின் ஜன்னல் சட்டம். விபத்துக்குப் பிறகு காட்டிலிருந்து அதை யாரோ எடுத்து வந்தார்கள். மூலைகள் மழுங்கி, வளைந்து, வெள்ளி மாதிரி மின்னிய அதைப் பார்த்தவர்களுக்குக் கோயிலில் சாமிக்குப் பின்னால் இருக்கும் வளைவு நினைவுக்கு வந்திருக்கிறது. கொண்டு போய் முனியாண்டிக்குப் பின்னால் நட்டுவிட்டார்கள். நான் பிறக்கும் முன்பே அது சாமியாகிவிட்டது. வருஷா வருஷம் எண்ணெயும் சந்தனமும் குங்குமமும் பூசிப் பூசி, உலோகம் எது, பூச்சு எது என்று தெரியாது. பூசாரியைத் தவிர யாரும் தொடக்கூடாது. பூசாரி, என் அக்காவின் கணவர், என் மச்சான்.

நோட்டனிலிருந்தே அவருக்கு போன் அடித்தேன். நான் செய்த முட்டாள்தனம் அதுதான். சிக்னல் விட்டு விட்டு வந்தது. விஷயத்தைப் பொறுமையாகச் சொல்லாமல், பெரிய ஆள் மாதிரி, "மச்சான், ஏரோப்ளேன் சாமான் தேடி வெளிநாட்டுலருந்து ஒரு அம்மா வந்திருக்காங்க. நம்ம திருவாசியக் காட்டணும், கூட்டிட்டு வர்றேன்" என்று கத்தினேன்.

 "வா" என்று மட்டும் சொன்னார் மச்சான். லைன் அறுந்துவிட்டது.

பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. முன்பு ஒரு தடவை, காட்சிக்கு வைக்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு யாரோ லொறியில் வந்து, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களில் ஆளுக்கொரு விதமாகப் புழங்கிக்கொண்டிருந்த விமானத் தகடுகளை எல்லாம் வாரிக்கொண்டு போனார்கள். தண்ணீர் விழுகிற பீலிக்கு வைத்திருந்த தகட்டைக்கூட விடவில்லை. எங்கே கொண்டு போய் வைத்தார்கள் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. அந்த ஆத்திரம் தோட்டத்தில் ஆறவே இல்லை. நானோ, சாமான் தேடி ஆள் வருகிறது என்று போனில் பறையடித்திருக்கிறேன்.

இன்னொரு பயமும் இருந்தது, அது இதைவிடப் பெரிது. அந்த ஜன்னல் எங்கே, எப்படி இருக்கிறது என்று இந்த அம்மாவிடம் நான் சொல்லவில்லை. ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவரின் ஜன்னலில் குங்குமம் பூசி, முனியாண்டிக்குச் சாராயமும் சுருட்டும் வைத்துக் கோழி அறுக்கிறோம் என்று எந்த ஆங்கிலத்தில் சொல்வது? இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும் வளைவு வந்தது, ஹோர்ன் அடித்தேன். பனிமூட்டம் இறங்கி, முன்னால் போகிற பஸ்ஸின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. அவர் பையை மடியில் இறுக்கிக்கொண்டு, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கானால் அந்தத் தூரம் இன்னும் கொஞ்சம் கூடினால் தேவலை என்றிருந்தது.

தோட்டத்து ரோட்டில் வேனை விட்டுவிட்டு ஏறினோம். கொழுந்து நிறுக்கிற நேரம். பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். வழக்கமாக என்னைக் கண்டால், "டவுன் தொரை வந்துட்டாரு" என்று கேலி செய்கிறவர்கள், அன்றைக்கு ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. கவ்வாத்து தொடங்கப் போகிற சமயம் அது. தேயிலையை வெட்டத் தொடங்குவதற்கு முன் கத்திகளைச் சாமி முன்னால் வைத்துப் பூசை போடுவது வழக்கம். அதற்காகத் தீட்டிய கத்திகளோடு ஆண்கள் நின்றார்கள். எனக்கு அது சாதாரணக் காட்சி. அந்த அம்மாவின் பார்வை ஒரு கத்தியிலிருந்து இன்னொரு கத்திக்குப் போனது. என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒதுக்கமாக நின்ற ஒரு கொழுந்துக்கார அக்காதான் கொஞ்சம் இளகினார். "அந்த நோனா கால்ல அட்டை ஏறுது பாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மடியிலிருந்து ஒரு சவர்க்காரத் துண்டை எடுத்து, குனிந்து அவருடைய கணுக்காலில் தேய்த்துவிட்டார். சிரிக்கவில்லை. தேய்த்துவிட்டுத் தன் இடத்துக்கே போய்விட்டார்.

மச்சான் கல்லுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கல் இருந்தது, சூலம் இருந்தது, திருவாசி இல்லை. அது இருந்த இடத்தில் மண் புதிதாகப் புரண்டு கிடந்தது.

"எங்க மச்சான் திருவாசி?"

"எந்தத் திருவாசி?"

"வெளயாடாதீங்க மச்சான். அந்த அம்மா அவ்வளவு தூரத்துலருந்து வந்திருக்காங்க."

"நீயும்தான் அவ்வளவு தூரம் போயிட்ட. சாமியப் போயி சாமான்னு சொல்ற அளவுக்குப் போயிட்ட. இங்க ஒண்ணுமில்ல. பாத்தாச்சுல்ல, கூட்டிட்டுப் போ."

பின்னாலிருந்து ஒருவர், "முன்ன வந்தவனுங்களும் இப்பிடித்தான் பாக்கணும்னு சொன்னானுங்க" என்றார். இன்னொருவர் கத்தியை ஒரு தேயிலை மரத்தின் அடியில் கொத்தி நிறுத்தினார். அந்தச் சத்தத்துக்கு அந்த அம்மா திடுக்கிட்டார்.

"என்ன சொல்கிறார்கள்? ஜன்னல் எங்கே?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. மச்சான்மேல் பாதி, என்மேல் மீதி. இவ்வளவு பேர் முன்னால் குரல் உடைந்துவிடக்கூடாது என்று பயந்து, இன்னும் சத்தமாகக் கத்தினேன். "சாமான் வாங்க வரல மச்சான்! அந்த ஏரோப்ளேன்ல இவங்க அம்மா இருந்தாங்க. பெத்த அம்மா. செத்துப் போனவங்கள்ல ஒருத்தங்க. புரியுதா?"



மச்சான் அந்த அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாவுக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். கையைத் தன் முழங்கால் உயரத்தில் பிடித்துக் காட்டினார், நான் இவ்வளவு இருந்தேன் என்பதுபோல. பிறகு அந்தக் கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். அவர் பாஷையும் எங்கள் பாஷையும் அதற்குத் தேவைப்படவில்லை.

மச்சான் தேயிலைக்குள் இறங்கினார். தண்ணீர் வடிகிற கானுக்குள் குனிந்து, படங்குத் துணி சுற்றிய ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கல்லுக்கு முன்னால் வைத்துச் சுற்றைப் பிரித்தார்.

நான் பயந்தது அப்போது நடந்தது. அந்த அம்மா இரண்டு எட்டு பின்னால் போனார். எண்ணெய் கறுத்து, அதன்மேல் குங்குமம் அடை அடையாகக் காய்ந்து, மழைத்துளி பட்ட இடத்தில் சிவப்பாக வழிந்துகொண்டிருந்தது.

"இரத்தமா?" என்று கேட்டார். 

"இல்லை, இல்லை. பொடி. சிவப்புப் பொடி. நாங்கள் சாமிக்குப் பூசுவது." வேனில் சொல்லாமல் விழுங்கியதை எல்லாம் அங்கே நின்று சொல்ல வேண்டியதாயிற்று. இது கடவுளின் இடம், இந்த ஜன்னல் கடவுளுக்குப் பின்னால் இருந்தது, ஐம்பது வருஷமாக இதைக் கும்பிடுகிறார்கள்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. கடைசியில், "என் அம்மா ஹஜ்ஜுக்குப் போனவர்" என்றார். 

"என்னடா சொல்றாங்க?" என்றார் மச்சான்.

சொன்னேன். மச்சான் குனிந்து அந்தச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கவ்வாத்துப் பூசை வரப்போகிறது, ஊரே சுற்றி நிற்கிறது. பிறகு அதைத் தூக்கிக்கொண்டு நேராகப் பீலிக்குப் போனார். பின்னாலேயே ஓடினோம். விழுகிற தண்ணீரில் அதைப் பிடித்து, மண்ணை அள்ளித் தேய்க்கத் தொடங்கினார்.

"பூசாரி, என்ன வேல பண்றீங்க!" என்று ஒரு கிழவர் கத்தினார். "சாமியக் கழுவி ஊத்துறீங்க!"

"சாமி கல்லுல இருக்கு" என்றார் மச்சான், திரும்பாமல். "இது அந்தப் புள்ளயோட அம்மாது."

சந்தனமும் குங்குமமும் கரைந்து கானில் ஓடின. தேய்க்கிற வேகத்திலேயே என்னிடம், "மாப்ள, அவங்களுக்குச் சொல்லு. சாராயம் சுருட்டெல்லாம் முனிக்கு. மலையில செத்தவங்களுக்குத் தனி எலை போட்டுப் படைக்கிறோம். அவங்க என்ன சாப்புடுவாங்கன்னு எங்கப்பாவுக்குத் தெரியல, மஸ்கெலியாவுல முஸ்லிம் கடைக்காரர்கிட்டப் போயிக் கேட்டாரு. பாலும் பேரீச்சம்பழமும் வைங்கன்னாரு. அன்னையிலருந்து அதான். ஒரு வருசம் தப்புனதில்ல. பழம் கெடைக்காத வருசம் வெறும் பால் வச்சிருக்கோம், அதையும் சொல்லிடு" என்றார்.

எனக்கு இது தெரியாது. அந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தும், அந்த இலையைப் பார்த்தும், அது யாருக்கு என்று நான் கேட்டதில்லை. மொழிபெயர்த்தேன். பேரீச்சம்பழம் என்று சொன்ன இடத்தில் அந்த அம்மா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டார்.

மச்சான் கழுவி முடித்தார். வெறும் உலோகம். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. வேட்டியில் துடைத்து இரண்டு கையாலும் நீட்டினார். அந்த அம்மா வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். பிறகு முகத்துக்கு நேராகப் பிடித்து அதற்குள்ளால் எட்டிப் பார்த்தார். இந்தப் பக்கம் மழையும் தேயிலையும் நாங்களும்தான் தெரிந்திருப்போம். அவர் அழுத அழுகையைக் கேட்டுப் பெண்கள் சிலர் அழுதார்கள். நானும் அழுதேன், மழை பெய்தது நல்லதாகப் போயிற்று.

அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் என்னிடம் கேட்டார். "இதை நான் வீட்டுக்கு எடுத்துப் போகலாமா? கேளுங்கள்."

 மச்சான் என்னையே பார்த்தார். கேட்டேன்.

கூட்டம் கொதித்தது. தொடத்தானே வந்தாங்க, தொட்டாச்சுல்ல என்றார் ஒருவர். திருவாசி இல்லாமல் கத்தியைத் தொட மாட்டோம், யாருக்காவது வெட்டு விழுந்தால் யார் பொறுப்பு என்றார் இன்னொருவர். மச்சான் கையைத் தூக்கி அடக்கினார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"பெத்தவ நெனப்ப மகதான் கேக்குது. நான் எப்பிடி மாட்டேங்கிறது? கொண்டு போகச் சொல்லு" என்றார்.

அப்போது அந்தச் சவர்க்காரம் தேய்த்த அக்கா முன்னால் வந்தார். "பூசாரி சொல்லிடுவாரு. நான் எங்க போறது?" என்று கத்தினார். "எங்க போறதுங்கிறேன்? எம்புள்ள போன் எடுத்து மூணு மாசமாச்சு. ஏஜென்சிக்காரன் கதவத் தெறக்க மாட்டேங்கிறான். பொலீஸுக்குப் போனா கொழும்புக்குப் போங்கிறான். தெனமும் கொழுந்த நிறுத்துட்டு இந்தச் சட்டத்துக்கு முன்னாலதான் நிக்கிறேன். ஏரோப்ளேன்ல போன புள்ளய ஏரோப்ளேன் சாமிதான் கொண்டாரணும்னு நிக்கிறேன். இதுவும் போயிட்டா நான் யாருகிட்டப் போயி நிக்க?"

"என்ன சொல்கிறார்?" என்றார் அந்த அம்மா.

மொழிபெயர்க்கப் போனேன். அதற்குள் அந்த அக்காவே அவரைப் பார்த்து, "சவூதி, நோனா. எம்மக. சவூதி" என்றார்.

அந்தச் சொல்லுக்கு நான் தேவைப்படவில்லை.

"சவூதி?" என்று திருப்பிக் கேட்டார் அந்த அம்மா. மகள் அங்கே ஒரு வீட்டில் வேலைக்குப் போனதையும் போன் வராமல் நின்றுபோனதையும் நான் சொன்னேன். அவர் ஜன்னலை இன்னும் இறுக்கிப் பிடித்தார். விடமாட்டார் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன். 

பிறகு அவர் அந்த அக்காவிடம் போனார். அக்காவின் கண்ணைப் பார்த்துக்கொண்டே என்னிடம் பேசினார். "சொல்லுங்கள். என் அம்மாவும் அங்கேதான் போனார். போய்ச் சேரவில்லை. இவர் மகள் திரும்பி வர வேண்டும் என்று நான் தினமும் தொழுது கேட்பேன். வரும்வரை என் அம்மாவின் ஜன்னல் இவரிடம் இருக்கட்டும்."

நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். "சொல்லித் தொலைடா" என்று மச்சான் முதுகில் குத்தினார். சொன்னேன்.

அந்த அம்மா சட்டத்தை நீட்டினார். அக்கா கையை நீட்டவில்லை. அத்தனை நாளும் தள்ளி நின்றே கும்பிட்டவர், தொடலாமா என்று பயந்து மச்சானைத் திரும்பிப் பார்த்தார்.

"வாங்குடி" என்றார் மச்சான். "அவங்க அம்மா பொருளு. அவங்க குடுக்குறாங்க, வாங்கு."

அக்கா கொழுந்துக்கறை படிந்த இரண்டு கைகளையும் இடுப்பில் கட்டியிருந்த படங்கில் துடைத்தார். ஒரு தடவை துடைத்து, உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, மறுபடி துடைத்தார். பிறகு வாங்கிக்கொண்டார்.